நழுவுவதற்காகக் கட்டப்பட்ட கப்பல்: ஒஸ்லோவின் ‘ஃபிராம்’ குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒஸ்லோ நகர மண்டபத்துக்கு எதிரே உள்ள துறையிலிருந்து பயணிகள் படகில் ஏறி பிக்டோய் தீபகற்பத்தை நெருங்கும்போது, கூரையே சுவராகித் தரைவரை இறங்கி நிற்கும் ஒரு முக்கோணக் கட்டடம் கண்ணில் படுகிறது. அது ஃபிராம் அருங்காட்சியகம். முதலில் கட்டடத்தை எழுப்பிவிட்டுப் பிறகு கப்பலை உள்ளே கொண்டுவரவில்லை. 1935இல் கப்பலை மெல்ல மெல்லக் கரைக்கு இழுத்து நிறுத்திய பிறகு, அதன் அளவுக்கேற்ப அதைச் சுற்றி எழுப்பப்பட்ட வீடு அது. உள்ளே நுழைந்தவுடன் கப்பலின் முகப்பு தலைக்கு மேல் எழுந்து நிற்பதும், கட்டடத்தில் கப்பலைத் தவிர வேறு எதற்கும் பெரிதாக இடமில்லாததும் அதனால்தான்.

நார்வே மொழியில் ‘ஃபிராம்’ என்றால் ‘முன்னோக்கி’ என்று பொருள். 1892இல் நீரில் இறக்கப்பட்ட இந்த மரக்கப்பல் 1893க்கும் 1912க்கும் இடையில் மூன்று பெரும் துருவப் பயணங்களை முடித்தது. வடக்கே 85 டிகிரி 57 நிமிடம் வரையிலும் தெற்கே 78 டிகிரி 41 நிமிடம் வரையிலும் சென்று, இரு திசையிலும் அதற்கு முன் எந்தக் கப்பலும் தொடாத எல்லைகளைத் தொட்டது. இந்த ஆய்வு இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, பல கப்பல்களை நொறுக்கிய பனி இதை ஏன் நொறுக்கவில்லை என்பது. மற்றொன்று, பனியிலிருந்து தப்பிய கப்பல் கரையில் எப்படித் தப்பியது என்பது. பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் முதல் கேள்வியோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் கடினமான கேள்வியாகத் தோன்றுகிறது.

ஒரு காற்சட்டையிலிருந்து தொடங்கிய யோசனை

1879இல் பெரிங் நீரிணை வழியாக வடதுருவத்தை நோக்கிச் சென்ற ‘ஜீனெட்’ என்ற அமெரிக்கக் கப்பல் ரேங்கல் தீவுப் பக்கம் பனியில் சிக்கிக்கொண்டது. இருபத்தொரு மாதம் பனியோடு பனியாக அலைந்து, 1881 ஜூனில் புதிய சைபீரியத் தீவுகளுக்கு வடக்கே நசுங்கி மூழ்கியது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து, உலகின் மறுபக்கத்தில், கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையோரம் ஒரு பனித்திட்டின் மேல் அக்கப்பலின் பொருள்கள் கிடைத்தன. கப்பல் தலைவர் டி லாங் கையெழுத்திட்ட உணவுப்பொருள் பட்டியல் அவற்றில் ஒன்று; மாலுமி ஒருவரின் பெயர் குறிக்கப்பட்ட எண்ணெய்த்துணிக் காற்சட்டை இன்னொன்று. அந்தக் காற்சட்டை அவ்வளவு தூரம் வந்து சேரக் கடலுக்குக் குறுக்கே ஒரு நீரோட்டம் இருந்தாக வேண்டும் என்று நார்வே வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் விளக்கினார். அப்போது 23 வயதாயிருந்த விலங்கியலாளர் ஃபிரிட்யோஃப் நான்சென் அதைப் படித்துவிட்டு ஒரு படி மேலே சென்றார். காற்சட்டை வரக்கூடுமானால் கப்பலும் வரக்கூடும் என்பது அவருடைய கணக்கு.

அதாவது, சைபீரியாவுக்கு வடக்கே ஒரு கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டு, நீரோட்டம் அதைத் துருவத்துக்கு அருகே சுமந்து சென்று கிரீன்லாந்துப் பக்கம் வெளியேற்றும் வரை அதற்குள் காத்திருப்பது. 1892இல் லண்டன் அரச புவியியல் கழகத்தில் நான்சென் இந்தத் திட்டத்தை விவரித்தபோது, துருவ அனுபவத்தில் முதிர்ந்தவர்கள் பலரும் நம்பிக்கை இல்லாமலேயே கேட்டார்கள். அமெரிக்கத் துருவப் பயணி அடால்ஃபஸ் கிரீலி, இது தற்கொலைத் திட்டம் என்ற பொருளிலேயே எழுதினார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பனியில் சிக்குவது என்பதுதான் அதுவரை எல்லாக் கப்பல் தலைவர்களும் தவிர்க்கப் பாடுபட்ட ஒன்று. இங்கே ஒருவர் அதையே பயண முறையாக வைக்கிறார்.

மரத்தில் எழுதப்பட்ட வாதம்

எதிர்ப்பவர்களுக்கான பதிலை நான்சென் லார்விக் ஊரின் கப்பல் கட்டுநர் கொலின் ஆர்ச்சரிடம் ஒப்படைத்தார். ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு நார்வேயில் பிறந்தவர் ஆர்ச்சர். புயலில் தாங்கும் வழிகாட்டிப் படகுகளையும் உயிர்காப்புப் படகுகளையும் கட்டிப் பெயர் பெற்றவர். பனியின் அணைப்பிலிருந்து கப்பல் விலாங்கு மீனைப் போல நழுவி மேலே வர வேண்டும் என்று நான்சென் கேட்டார். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நாம் சொல்லும் அந்த மீனின் வழுக்கும் குணத்தைத்தான் அவர் மரத்தில் கேட்டார்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், கப்பலின் அடிவயிற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தக் கோரிக்கை எப்படி நிறைவேறியது என்பது விளக்கப் பலகை இல்லாமலே புரிந்துவிடும். வழக்கமான கடற்கப்பல்களைப் போல அடிப்பகுதி கூர்மையாகக் கீழே இறங்கவில்லை. பாதித் தேங்காய் மூடியைப் போல உருண்டு குழிந்திருக்கிறது. மூடியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பக்கவாட்டில் அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன் கையை விட்டு மேலே துள்ளும். ஆர்ச்சர் பனியை ஏமாற்றிய வழி அதுதான். பனி பற்றிக்கொள்ள ஒரு விளிம்பும் கிடைக்கக் கூடாது என்பதற்காக, அடிமரமும் வெளிப்பலகைகளுக்குக் கீழே சில அங்குலம் மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைக்கப்பட்டது. சுக்கானையும் உந்துசுழலியையும் கூட, ஆபத்து வரும்போது கிணறு போன்ற துளை வழியாக மேலே தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம். மேல்தளத்தில் நீளம் 39 மீட்டர், அகலம் 11 மீட்டர்; நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான அகலம் என்பது பாய்மரக் கப்பலுக்கு மிகவும் குண்டான உடல்வாகு.

நழுவும் வடிவம் மட்டும் போதாது. நழுவும் வரை தாங்கவும் வேண்டும். விலாச் சட்டங்களுக்கான ஓக் மரம் முப்பது ஆண்டுகள் கூரைக்கடியில் உலர வைக்கப்பட்டிருந்தது. சட்டங்கள் இரண்டிரண்டாகச் சேர்த்து மிக நெருக்கமாக நிறுத்தப்பட்டு, இடைவெளிகள் நிலக்கரித் தாரும் கீலும் மரத்தூளும் கலந்த குழம்பால் நிரப்பப்பட்டன. அதன் மேல் இரண்டு அடுக்கு ஓக் பலகை. அதற்கும் வெளியே, கிரீன்ஹார்ட் என்ற மிகக் கடினமான வெப்பமண்டல மரத்தால் ஒரு ‘பனித்தோல்’. எல்லாம் சேர்ந்து பக்கச்சுவரின் தடிமன் 24 முதல் 28 அங்குலம். முகப்பில் மூன்று ஓக் உத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் கிட்டத்தட்ட நான்கு அடி கனத்துக்குத் திடமான மரம்.

இந்தக் கட்டுமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் பனித்தோலைப் பொருத்திய முறை. அதை அடித்த ஆணிகள் உட்பலகைகளை ஊடுருவிச் செல்லவில்லை. பனி அந்தத் தோலை முழுவதுமாக உரித்து எடுத்துக்கொண்டு போனாலும் உள்ளே இருக்கும் கப்பல் ஒழுகாமல் மிதக்கும். எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்று முன்கூட்டியே பிரித்து வைத்த மனம் அந்த ஆணிகளில் தெரிகிறது.

உள்ளே இறங்கும்போது வேறு ஒரு சிக்கலுக்கான தீர்வு தெரிகிறது. பழைய துருவப் பயணிகளை வாட்டியது குளிரை விட ஈரம்தான். மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் படிந்து உறைந்து, பிறகு உருகிப் படுக்கையை நனைத்தது. ஃபிராமின் வாழ்விடத்தைச் சுற்றி மரப்பலகை, கம்பளி அட்டை, தக்கை, கலைமான் மயிர், லினோலியம் என்று அடுக்கடுக்காகக் காப்பு வைத்தார்கள். உறங்கும் அறைகள் நடுவிலுள்ள பொது அறையைச் சூழ்ந்திருக்கின்றன. அவை சிறியவை, நடுத்தர உயரமுள்ளவர் கூடக் குனிந்து நுழைந்து, நின்ற இடத்தில் திரும்ப வேண்டியிருக்கும். முதல் பயணத்தில் இதற்குள் 13 பேர் இரண்டு துருவ இரவுகளையும், அவர்களில் 11 பேர் மூன்றாவதையும் கழித்தார்கள். மேல்தளத்தில் ஒரு காற்றாலை சுழன்று டைனமோவை இயக்கியதால், சூரியனே எழாத மாதங்களில் அவர்களுக்கு மின்விளக்கு இருந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் எத்தனையோ வீடுகளுக்கு அது வாய்த்திருக்கவில்லை.

சோதனை

1893 ஜூன் 24 அன்று கிறிஸ்டியானியாவிலிருந்து, அதாவது இன்றைய ஒஸ்லோவிலிருந்து, கப்பல் புறப்பட்டது. செப்டம்பர் இறுதியில் புதிய சைபீரியத் தீவுகளுக்கு வடமேற்கே திட்டமிட்டபடி பனியில் உறைந்தது. ஆர்ச்சரின் வடிவம் பல முறை சோதிக்கப்பட்டாலும், தீர்ப்பு என்று சொல்லத்தக்கது 1895 ஜனவரி முதல் வாரத்தில் வந்தது. இடப்பக்கத்தில் பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கப்பலின் கைப்பிடிச் சுவரையும் தாண்டி மேல்தளத்தில் சரியத் தொடங்கின. உணவும் படகுகளும் பனிமேல் இறக்கப்பட்டன. கப்பலைக் கைவிட ஆட்கள் ஆயத்தமானார்கள். ஆனால் நெருக்கம் உச்சத்துக்கு வந்த நேரத்தில் கப்பல் தன் பனிப் படுக்கையிலிருந்து விடுபட்டு மேலே எழுந்தது. அதன் பிறகு வடிவத்தைப் பற்றி எவரும் சந்தேகம் எழுப்பவில்லை.

மற்றொரு கணக்கு தவறியது. நீரோட்டம் கப்பலைத் துருவத்தின் மேலாகக் கொண்டு செல்லாது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. எனவே 1895 மார்ச் 14 அன்று நான்சென் கப்பலைத் தலைவர் ஒட்டோ ஸ்வெர்துருப்பிடம் ஒப்படைத்துவிட்டு, யால்மார் யோஹன்சென் என்ற ஒரே துணையுடன் நாய் வண்டிகளோடு வடக்கே கிளம்பினார். ஏப்ரலில் 86 டிகிரி 14 நிமிடம் வரை சென்று திரும்பினார்கள். ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுகளில் கல்லாலும் வால்ரஸ் தோலாலும் ஆன குடிசையில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். அங்கே முகாமிட்டிருந்த ஆங்கிலேயக் குழுவை 1896 ஜூனில் தற்செயலாகச் சந்தித்து, அவர்களுடைய கப்பலில் ஆகஸ்ட் 13 அன்று நார்வேயின் வார்டோ துறையை அடைந்தார்கள். அதே ஆகஸ்ட் 13 அன்று, அதை அறியாமலே, ஸ்வால்பார்டுக்கு வடமேற்கே ஃபிராம் பனியிலிருந்து வெளியே வந்தது. கப்பலில் இருந்தவர்களில் ஒருவர் கூட இறக்கவில்லை.

அறிவியல் வரவு எதிர்பார்த்ததை விடப் பெரிது. வடதுருவக் கடல் ஆழமற்றது என்ற எண்ணத்தில் போதிய ஆழமானிக் கயிறு எடுத்துச் செல்லப்படவில்லை. எட்டாத ஆழம் வந்தபோது, கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் பிரித்து, இழைகளை மறுபடி முறுக்கி, ஆயிரக்கணக்கான மீட்டர் நீளத்துக்குப் புதிய கம்பி தயாரித்தார்கள். 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் அளக்கப்பட்டது. கொட்டும் குளிரில் மேல்தளத்தில் கையால் முறுக்கிய கம்பி அது. பனி காற்றின் திசையில் நேராக நகராமல் சற்று வலப்புறம் விலகுகிறது என்று நான்சென் குறித்து வைத்ததிலிருந்து, கடல் நீரோட்டங்களைப் பற்றி ஸ்வீடன் கடலியலாளர் எக்மனின் கோட்பாடு பிறந்தது.

குறைகளும் பின்னைய பயணங்களும்

பனிக்காகச் செய்யப்பட்ட விட்டுக்கொடுத்தல்களுக்குத் திறந்த கடலில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அடி உருண்டையான கப்பல் அலையில் தொட்டிலைப் போல் ஆடும். ஃபிராமின் ஆட்டம் அதில் சென்ற எல்லோருடைய குறிப்புகளிலும் இடம்பெறுகிறது. வேகமும் குறைவு. அருங்காட்சியகத்தில் அசைவற்று நிற்கும் மேல்தளத்தில் நடப்பவருக்கு இந்தக் குறை தட்டுப்படாது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1898 முதல் 1902 வரை ஸ்வெர்துருப் இதே கப்பலில் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவுப் பக்கம் சென்று, ஏறத்தாழ 2,60,000 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பை வரைபடத்தில் சேர்த்தார். அவர் அந்த நிலத்தை நார்வேக்கு உரிமை கொண்டாடினார். இறுதியில் அது கனடாவுக்குப் போயிற்று. 1930இல் கனடா அவருடைய வரைபடங்களுக்கும் குறிப்புகளுக்கும் 67,000 டாலர் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் இறந்தார். புகழில் நான்சென்னுக்கும் அமுண்ட்சென்னுக்கும் பின்னால் நிற்கும் இந்த மனிதர்தான் கப்பலோடு மிக அதிக காலம் வாழ்ந்தவர். இந்த ஆய்வின் இரண்டாம் பகுதியிலும் அவரே மறுபடி வருகிறார்.

மூன்றாவது பயணம் உலகம் அறிந்தது. வடக்கே போவதாகச் சொல்லிப் புறப்பட்ட ரோல்ட் அமுண்ட்சென், 1910 செப்டம்பரில் மடெய்ராவில்தான் தென்துருவமே இலக்கு என்று தன் ஆட்களுக்கு அறிவித்தார். நீராவி இயந்திரம் அகற்றப்பட்டு அதற்கு முன் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. நூற்றுக்கு நெருங்கிய நாய்கள் மேல்தளம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. 1911 டிசம்பர் 14 அன்று ஐந்து பேர் தென்துருவத்தை அடைந்தார்கள். அந்த ஐவரில் யோஹன்சென் இல்லை. அதற்கு முன் அவசரப்பட்டுப் புறப்பட்டுக் குளிரால் திரும்ப நேர்ந்தபோது அமுண்ட்சென்னை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்ததற்காக அவர் துருவக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1913 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டார். கப்பலின் வெற்றிக் கதையைச் சொல்லும்போது இந்தப் பெயரைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது.

கரையில் நடந்தது

இனி இரண்டாவது கேள்வி. பனியில் உடையாத கப்பலை வெப்பம் கிட்டத்தட்ட முடித்துவிட்டது. தென்துருவப் பயணத்துக்குப் பிறகு அது பியூனஸ் ஐரிஸில் நின்றது. 1913இல் பனாமா கால்வாயைக் கடக்கும் நம்பிக்கையில் கொலோன் துறைமுகத்துக்குச் சென்று, கால்வாய் திறக்கப்படாததால் வெறுமனே காத்திருந்துவிட்டுத் திரும்பியது. வெதுவெதுப்பான நீரில் மரம் துளைக்கும் புழுவும், அடைபட்ட ஈரத்தில் மக்கலும் உள்ளே புகுந்தன. 1914இல் நார்வேயின் ஹோர்டென் துறைக்கு வந்து சேர்ந்தபோது அதற்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. அடுத்த பயணத்துக்கு ‘மாவுட்’ என்ற புதிய கப்பலைக் கட்டிய அமுண்ட்சென், ஃபிராமிலிருந்து எடுக்கக்கூடிய பொருள்களை எடுத்துக்கொண்டார். பதினைந்து ஆண்டுகள் கப்பல் அப்படியே கிடந்து பாழானது.

மீட்பு முயற்சியின் தலைமையில் ஸ்வெர்துருப் இருந்தார். 1929–30இல் சாண்டெஃபியோர்டு நகரின் ஃபிராம்னேஸ் கப்பல் பட்டறையில் அது செப்பனிடப்பட்டது. இந்தப் பட்டறையின் பெயரைக் கேட்டவுடன் இன்னொரு கப்பல் நினைவுக்கு வர வேண்டும்: தென்துருவப் பயணி ஷாக்கிள்டனின் ‘எண்டியூரன்ஸ்’ 1912இல் இங்கேதான் கட்டப்பட்டது. அதுவும் மிக உறுதியான மரக்கப்பல். ஆனால் அதன் அடி ஃபிராமினுடையதைப் போல உருண்டதல்ல. அண்டார்டிகாவின் வெடல் கடலின் பனி அதை மேலே தள்ளாமல் இறுகப் பிடித்து நெரித்தது. 1915 நவம்பரில் அது மூழ்கியது. 2022இல் அதன் உடல் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தின் கனத்தை விட வடிவத்துக்கே முதன்மை என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது.

செப்பனிட்ட கப்பலை மறுபடி நீரில் விட்டுவைக்காமல் கூரைக்குள் கொண்டுவந்த முடிவுதான், என் கருத்தில், பாதுகாப்பு வரலாற்றில் முக்கியமானது. 1936 மே 20 அன்று மன்னர் ஏழாம் ஹாகோன் முன்னிலையில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அமுண்ட்செனின் மற்ற இரண்டு கப்பல்களை இதோடு வைத்துப் பார்த்தால் அந்த முடிவின் மதிப்பு தெரியும். ஏழு பேருடன் 1903–06இல் வடமேற்குக் கடல்வழியை முதன்முதலாகக் கடந்த ‘யோவா’, ஹெர்ரிங் மீன் பிடிப்பதற்காக 1872இல் கட்டப்பட்ட சிறு கலம். அது சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் வெயிலிலும் மூடுபனியிலும் நின்று சிதைந்து, 1972இல்தான் நார்வேக்குத் திரும்பியது. அதன் பிறகும் பிக்டோயில் திறந்த வெளியிலேயே பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 2013இல் தனிக் கூரையைப் பெற்றது. இன்று ஃபிராமின் கட்டடத்திலிருந்து ஒரு சுரங்க நடைவழியில் அங்கே போகலாம்.

ஃபிராமின் கருத்தையே பின்பற்றிக் கட்டப்பட்ட மாவுட்டின் விதி வேறு. கடனுக்காக விற்கப்பட்டு, கனடாவின் கேம்பிரிட்ஜ் விரிகுடாவில் 1930இல் மூழ்கி, எண்பது ஆண்டுகளுக்கு மேல் பாதி நீரில் கிடந்து, 2016இல் தூக்கப்பட்டு, 2018இல் நார்வே வந்து சேர்ந்தது. வந்தது கப்பலின் கீழ் உடல் மட்டுமே. ஸ்காட்லாந்தின் டண்டீயில் உள்ள, ஆங்கிலேயத் துருவப் பயணி ஸ்காட்டின் ‘டிஸ்கவரி’ நான்காவது வழியைக் காட்டுகிறது: தான் 1901இல் கட்டப்பட்ட ஊருக்கே 1986இல் திரும்பி, மழையும் காற்றும் படும் வெளியில் நிற்கிறது. பாய்மரங்கள் வானத்தின் பின்னணியில் தெரியும் அழகு அதற்கு உண்டு. மரத்தை ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய பொறுப்பும் அதோடு வருகிறது.

பார்க்கும் முறை

கூரைக்குள் இருக்கும் கப்பலில் வானமும் அலையும் இல்லை. அந்தக் குறையை நிரப்ப உட்சுவர்களில் பனிக்கடலையும் துருவ ஒளியையும் திரையிடுகிறார்கள். குழந்தைகளுக்கு அது பிடிக்கிறது. எனக்கு அது சற்று மிகையாகவே படுகிறது, ஏனென்றால் சொல்ல வேண்டியதை மரமே சொல்லிவிடுகிறது. கட்டடத்துக்குள் நுழைந்தவர்கள் பெரும்பாலும் நேராக மேல்தளத்துக்கு ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் கீழ்த்தளத்தில் கப்பலை ஒரு முறை சுற்றி வந்து, வயிறு எங்கே வளைகிறது, அடிமரம் எவ்வளவு குறைவாக வெளியே தெரிகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்துப் பின்புறம் சென்று சுக்கானும் உந்துசுழலியும் மேலே இழுக்கப்படும் இடத்தைக் கவனித்துவிட்டு, அதன் பிறகு உள்ளே இறங்கிப் பொது அறையில் சிறிது நேரம் நிற்கலாம். சுரங்க நடைவழியில் யோவாவையும் பார்த்துவிட்டு இன்னும் அரை நாள் கையில் இருப்பவர்கள், ஒஸ்லோ ஃபியோர்டின் கரையோரமாகத் தென்மேற்கே வோலனுக்குப் போகலாம். மாவுட் 1916இல் முதன்முதலாக நீரில் இறங்கிய ஊர் அது. மீட்கப்பட்ட அதன் உடல் 2018இல் கொண்டுவரப்பட்டதும் அங்கேதான்; அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஃபிராமின் வயிற்றைக் காலையில் பார்த்த கண், நீரிலும் பனியிலும் எண்பது குளிர்காலம் கிடந்து கறுத்த அந்தப் பலகைகளில் அதே வளைவை அடையாளம் கண்டுகொள்ளும்.